நான் பார்த்ததாகச் சொன்ன பறவை

பெரியவளே, சின்னவளே, நம் வீட்டுச் சுவரில் இருக்கும் பறவைப் படத்தைப் பற்றி எழுத உட்கார்ந்து இது நாலாவது தடவை. ஒவ்வொரு தடவையும் பாதியில் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டேன். போனால் அங்கே வேலை ஒன்றும் இருக்காது. திராட்சைப் பந்தலுக்கு அடியில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்துவிட்டுத் திரும்பி வருவேன். இன்றைக்கு எப்படியும் எழுதி முடித்துவிட வேண்டும்.

நான் உகாண்டாவில் மூன்று வருஷம் இருந்தது உங்களுக்குத் தெரியும். ஆப்பிரிக்காவின் நடுவில் இருக்கிற நாடு. அங்கே ஒரு பெரிய ஏரிக்கரையில் ரோஜாப் பண்ணை. கண்ணுக்கு எட்டிய வரை பிளாஸ்டிக் கூடாரம், கூடாரத்துக்குள் ரோஜா. மருந்தடிக்கிற ஆட்களையும் சொட்டுநீர்க் குழாய்களையும் கவனித்துக்கொள்வது என் வேலை. நம்ம ஊர் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைக்கு மருந்தடித்த கை என்பதால்தான் என்னை எடுத்தார்கள். விடிந்ததும் கூடாரத்துக்குள் போனால் பொழுது சாயும்போதுதான் வெளியே வருவேன். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அன்று முழுக்க அறையில் படுத்துக்கொண்டு உங்களோடும் உங்கள் அம்மாவோடும் போனில் பேசிக்கொண்டிருப்பேன்.

ஊர் திரும்பிய அன்று பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சின்னவள் அப்போது ஒன்றாம் வகுப்பு. பக்கத்தில் உட்கார்ந்து, சிங்கம் பார்த்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். யானை பார்த்தீர்களா என்றாள். யானைதான் நம்ம மலையிலேயே இருக்கிறதே என்றேன்.

"பெறகு அங்கன என்னதான்ப்பா பாத்தீங்க?"

அதற்கு உண்மையான பதில் என்னவென்றால், பிளாஸ்டிக் கூரை, குழாய், அறைச்சுவர். டவுனுக்குப் போகிற வழியில் குப்பைமேட்டின் மேல் மொட்டைத்தலை நாரைகள் ஆள் உயரத்துக்கு நிற்கும். அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதையாவது சொல்லியிருக்கலாம். மூன்று வருஷம் உங்களை விட்டுவிட்டு இருந்ததற்கு ஈடாகக் குப்பைமேட்டு நாரையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் வேறொரு பறவையைச் சொன்னேன். உயரம் பெரியவளின் தோள் வரை வரும். சிலேட்டு நிறம். மூக்கு ஒரு பழைய பூட்ஸைக் கவிழ்த்து மாட்டியது போல இருக்கும். கோரைக்குள் சிலை மாதிரி அசையாமல் நிற்கும். அரைமணி நேரம் ஆனாலும் அப்படியே நிற்கும். சேற்றுக்குள் மீன் அசைந்தால் மொத்த உடம்போடு அதன் மேல் விழும். அதை ஆறடி தூரத்தில் நின்று பார்த்தேன் என்றேன்.

நான் பார்க்கவில்லை. என்னோடு மருந்தடித்த ஒருவன் பார்த்தது அது. ஏரிக்கு அந்தப் பக்கம் மீன்பிடிக்கிற குடும்பம் அவனுடையது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எனக்குச் சொல்வான். அவன் அப்பா காலத்தில் அந்தப் பறவை கண்ணில் பட்டால் அன்றைக்கு மீன் கிடைக்காது என்று படகைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்களாம். இப்போது அதே படகில் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு அதே பறவையைத் தேடிப் போகிறார்கள். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வா, கூட்டிப்போகிறேன் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டான். அடுத்த வாரம் என்பேன். மூன்று வருஷமும் அடுத்த வாரமாகவே போய்விட்டது.

பொய் அன்றோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. பெரியவள் ஒரு பெரிய சார்ட் அட்டை முழுக்க அந்தப் பறவையை வரைந்தாள். அட்டைக்கு மேல் 'என் அப்பா நேரில் பார்த்த பறவை' என்று எழுதி, ராயப்பன்பட்டிப் பள்ளிக்கூடத்துக் கண்காட்சியில் வைத்தாள். அந்தக் கண்காட்சிக்குத் தன் பேத்திக்காக வந்திருந்தார் தேனி கடைவீதிக்காரர் ஒருவர். காசி, ராமேஸ்வரம் என்று யாத்திரைக்கு ஆள் சேர்த்து அனுப்புகிறவர். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

மறுநாளே அண்ணாச்சி நம் தோட்டத்துக்கு வந்துவிட்டார். பந்தல் தாழ்வாக இருக்கும் என்பதால் குனிந்தபடியே பேசினார்.

"தம்பி, காசிக்குப் போறவுக போய்க்கிட்டுத்தான் இருப்பாக. இப்பக் கேமராவக் கழுத்துல மாட்டிக்கிட்டு எங்கன போறதுன்னு தெரியாம ஒரு கூட்டம் அலையுது. தேக்கடிக்கு வெள்ளக்காரன் வந்து குருவி பாக்குறான். நம்மாளு உகாண்டாவுக்குப் போய்ப் பாத்தா ஆகாதா?"

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் கூட்டிப்போக ஆயிரம் பேர் இருக்கிறார்கள், யாரும் போகாத நாட்டுக்கு நாம் முதலில் போக வேண்டும் என்றார். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் பயணம். எனக்குப் பயணச் செலவு கிடையாது. கூடப் போய் வழித்துணையாக இருக்க வேண்டும், ரசமும் சோறும் வைத்துக் கொடுக்க வேண்டும், அந்த ஊர்க்காரர்களோடு பேச வேண்டும்.

அவர் பேசப் பேச எனக்குள் ஒரே ஒரு நினைப்புத்தான். ஒரு தடவை போய் அந்தப் பறவையைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், சொன்ன பொய் மெய்யாகிவிடும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. சரி அண்ணாச்சி என்றேன்.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

தேனியில் அவர் கடையில் உட்கார்ந்து நோட்டீசு எழுதினோம். நான் சொல்லச் சொல்ல ஒரு பெண் கம்ப்யூட்டரில் அடித்தாள். கொடியிலேயே ஒரு கொக்கை வைத்திருக்கிற நாடு, அதன் தலையில் தங்கக் கிரீடம் போலக் கொண்டை இருக்கும் என்றேன். அண்ணாச்சிக்குப் பிடித்துவிட்டது. வருஷம் பூராவும் நம்ம ஊர் மார்கழி போலக் குளிர்ச்சி என்றேன். அதுவும் பிடித்தது. எங்கே பார்த்தாலும் வாழைத்தோப்பு, வாழைக்காயை அவித்து மசித்துத்தான் சாப்பிடுவார்கள், நம்ம கம்பம் ஊருக்குள் நடக்கிற மாதிரியே இருக்கும் என்றேன். அதை மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டார். நம்ம ஊர் மாதிரியே இருக்கிறதென்றால் எவன் அங்கே போவான் என்று கேட்டார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒரு வாரத்தில் கம்பம் டவுனில் பெரிய ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார். 'உகாண்டா, பறவைகளின் தேசம்' என்று மேலே. நடுவில் அந்தப் பூட்ஸ் மூக்குப் பறவை. கீழே சின்ன வட்டத்துக்குள் என் படம், பக்கத்தில் 'நேரில் கண்டவர் உடன் வருகிறார்' என்று ஒரு வரி. அதைப் பார்த்த பிறகு நான் கம்பத்துக்குப் போனால் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிச் சந்து வழியாக நடந்து போவேன்.

ஆனாலும் ஆள் பிடிக்க அலைந்தேன். திராட்சை மண்டியில் சொன்னேன், ஜீப் ஸ்டாண்டில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன். மண்டிக்காரர் ஒருவர், காசிக்குப் போனால் புண்ணியம், குருவியைப் பார்த்தால் என்னய்யா கிடைக்கும் என்றார். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் டிரைவர், கிளி பார்க்க அம்புட்டுத் தூரம் எதற்கு, என் தோட்டத்துக்கு வரச் சொல், பார்த்து முடித்ததும் பிடித்துக்கொண்டும் போகச் சொல் என்றார். இருந்தாலும் நாலு பேர் சேர்ந்தார்கள். பிறகு ஏழு. மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டால்தான் அந்த நாட்டுக்குள் விடுவார்கள் என்று தெரிந்ததும் ஒருவர் கழன்றுகொண்டார். பிறகு மூன்று பேர் சேர்ந்து ஒன்பது ஆனது.

பத்தாவது ஆள் வருவாரா என்று நான் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். சாப்பிடும்போது கால் தானாக ஆடும். ஒருநாள் உங்கள் அம்மா என் இலையில் சோறு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கெழம பூரா எங்கிட்டத்தான போன்ல பேசிக்கிட்டு இருந்தீக. அந்தப் பறவைய எப்பப் பாத்தீக?"

நான் தண்ணீரைக் குடித்தேன். அவள் எழுந்து குழம்புச் சட்டியை எடுத்துவந்தாள். மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்குக் கணக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் உங்களிடம் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

மிச்ச ஆட்களைச் சேர்க்க அண்ணாச்சி ஒரு யோசனை செய்தார். சேர்ந்த ஒன்பது பேரையும், சேரலாமா என்று யோசிக்கிற நாலைந்து பேரையும் ஒரு ஞாயிறு விடியற்காலையில் நம்ம ஊர்க் கண்மாய்க்கு வரச் சொன்னார். இங்கேயே ஒரு தடவை பறவை பார்த்தால் ருசி பிடித்துவிடும் என்பது அவர் எண்ணம். உங்கள் இருவரையும் நானே கூட்டிப்போனேன். பெரியவள் பள்ளிக்கூட விழாவுக்குப் போடுகிற பாவாடை சட்டையைப் போட்டுக்கொண்டாள். பிளாஸ்க்கில் டீயும் ஒரு அடுக்கு எவர்சில்வர் டம்ளரும் என் கையில்.

தண்ணீர் நிறைந்து கிடந்தது. நத்தைகுத்தி நாரைகள் வரிசையாக நின்றன. நாமக்கோழிகள் கூட்டமாக மிதந்தன. கரைக்கு எதிரே கோரை ஓரத்தில் ஒரு செந்நாரை கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. சின்னமனூரிலிருந்து வந்த ஒரு கண் டாக்டர் கை நீளத்துக்கு லென்ஸ் மாட்டிய கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி வைத்துக்கொண்டு, அது வெளியே வரட்டும் என்று அரைமணி நேரமாகக் காத்திருந்தார். யாரும் பேசவில்லை. அண்ணாச்சிகூடச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார், கோயிலுக்குள் நிற்பது போல. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர், மடக்குநாற்காலி போட்டு உட்கார்ந்து பைனாகுலரைக் கண்ணில் வைத்தவர் எடுக்கவே இல்லை. என் பக்கத்தில் நின்றவர், இன்னும் இரண்டு பேரை நான் சேர்த்துவிடுகிறேன் என்று காதோடு சொன்னார்.

அப்போது ஆற்றுப் பக்கத்து மரங்களிலிருந்து கிளிக்கூட்டம் கிளம்பியது. எங்கள் தலைக்கு மேல் தாழ்வாக, கத்திக்கொண்டே, நம் தோட்டத்துத் திசையில் போனது. பந்தலில் காய் கறுத்துக்கொண்டிருந்த சமயம். நான் நினைத்துச் செய்ததில்லை. இருபது வருஷமாகப் பந்தலில் கிளி விரட்டிய வேலையைத் தொண்டையும் கையும் தாமாகச் செய்துவிட்டன.

"ஓஓஓய்! ஏஏஏய்! ஓஓஓய்!"

கத்தியதோடு விடவில்லை. டம்ளரைப் பிளாஸ்க்கில் வைத்து டங்கு டங்கென்று தட்டினேன். கண்மாயில் இருந்த அத்தனை பறவையும் ஒரே சமயத்தில் எழுந்தது. நாரை, கொக்கு, நாமக்கோழி, எல்லாம். கடைசியாக அந்தச் செந்நாரை எழுந்து, கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு மேற்கே போனது. டாக்டர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். கிளிகள் மட்டும் ஒன்றும் நடக்காதது போல நம் தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்தன.

தலைமை ஆசிரியை பைனாகுலரை மடியில் வைத்தார்.

"ஏய்யா, உகாண்டாவுக்குப் போயும் இப்பிடித்தான் கத்துனீகளா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டாக்டரும் சிரித்தார். அதோடு போயிருக்கும். திராட்சைக்காரனைக் கூட்டிவந்தால் இப்படித்தான் என்று நானும் சிரித்துத் தப்பித்திருப்பேன். ஆனால் பெரியவளே, நீ சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் வந்து நின்றாய்.

"எங்கப்பா அங்கன கத்தல. ஆறடி தூரத்துல நின்னு பாத்தாக. பறவையும் அசையல, எங்கப்பாவும் அசையல."

சிரிப்பு நின்றுவிட்டது. டாக்டருக்கு முகமே மாறியது. ஆறடியிலா என்று கேட்டார். படகில் போனீர்களா, நடந்து போனீர்களா, காலையா, சாயங்காலமா, என்ன மாதம் என்று ஆசையோடு கேட்டுக்கொண்டே கிட்டே வந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது. அந்த மீனவன் மகன் எல்லாம் சொல்லியிருந்தான். படகு என்றும் காலை என்றும் சொல்ல வாயைத் திறந்தேன். நீ என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாய். அடுத்து நான் சொல்லப்போவதை வீட்டுக்குப் போய் அந்தப் படத்தில் சேர்த்து வரைவாய் என்று தெரிந்தது.

"நான் பாக்கலங்க. என்கூட வேல பாத்தவன் பாத்தான். எனக்குச் சொன்னான்."

அண்ணாச்சி சட்டென்று, தம்பி விளையாடுகிறார் என்றார். விளையாடவில்லை அண்ணாச்சி என்றேன். அவர் குனிந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"பெறகு எதுக்குய்யா எங்களக் கூப்பிட்டீக?" என்று தலைமை ஆசிரியைதான் கேட்டார்.

"உங்களோட போனா ஒரு தடவ பாத்துட்டு வந்துரலாம்னு."

கொண்டுபோன டீயை ஊற்றிக் கொடுத்தேன், வாங்கிக் குடித்தார்கள். சின்னவள் மட்டும், பறவைகள் வட்டமடித்துத் திரும்பித் தண்ணீரில் இறங்குவதைப் பார்த்து ஒவ்வொன்றாக விரல் நீட்டிக்கொண்டிருந்தாள். பெரியவள் என் வண்டியில் ஏறவில்லை. கரை நெடுக முன்னாலேயே நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள். நான் வண்டியை உருட்டிக்கொண்டே பின்னால் வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் சுவரில் படம் இல்லை. சுருட்டிப் பீரோவின் மேல் வைத்திருந்தாள். அதற்குப் பிறகு பல நாள் என்னோடு பேச்சு, "சாப்பாடு எடுத்து வைக்கவா", "பஸ்ஸுக்கு நேரமாச்சு", அவ்வளவுதான்.

அண்ணாச்சி ஃபிளெக்ஸில் என் படத்தின் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினார். ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்து, அங்கே படகில் கூட்டிப்போக அந்த மீனவன் மகனாவது நிஜமா, நம்பர் இருக்கிறதா என்று கேட்டார். நிஜம் என்றேன், கொடுத்தேன். சேர்ந்த ஒன்பது பேரில் இரண்டு பேர் விலகினார்கள். தலைமை ஆசிரியை தன் தங்கையைச் சேர்த்துவிட்டார். எட்டுப் பேர் போதும் என்று அண்ணாச்சி தானே கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் வழியனுப்பப் போகவில்லை.

அவர்கள் அந்தப் பறவையைத் தேடிச் சதுப்புக்குப் போகிற நாளும் ஞாயிற்றுக்கிழமை. அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அன்று விடிந்ததிலிருந்து நான் அதைக் கழித்துக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுந்திருப்பார்கள், இப்போது படகில் ஏறுவார்கள். பந்தலில் கிளி இல்லாதபோதும் கிளி விரட்டுகிற டின்னைத் தட்டினேன். மத்தியானம் அண்ணாச்சியிடமிருந்து ஒரு வீடியோ வந்தது.

அதை நாம் நாலு பேரும் அடுப்படியில் நின்று பார்த்தோம். பெரியவள் கொஞ்சம் தள்ளி நின்றாள், பிறகு கிட்டே வந்தாள். கோரைக்கு நடுவில் அது நின்றது. சிலேட்டு நிறம், பூட்ஸ் மூக்கு, எல்லாம் அவன் சொன்னபடியே. வெறும் போட்டோதானே என்றாள் சின்னவள். அப்போது அதன் கண் ஒரு தடவை மூடித் திறந்தது.

"இது எம்புட்டுத் தூரத்துல நிக்குது?" என்று பெரியவள் கேட்டாள். பல நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

தெரியாது என்றேன். கேட்டுச் சொல்லுங்கள் என்றாள். அந்த மீனவன் மகனுக்கு எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் பேசி அனுப்பினேன். தூரத்தை மட்டும் கேட்கவில்லை. நீ பார்த்ததை நான் பார்த்ததாக என் பிள்ளைகளிடம் சொன்னேன், ஆறடி என்று சொன்னேன், பெரியவள் அதைப் படமாக வரைந்தாள், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெரியவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் பதில் சாயங்காலம் வந்தது. முதலில் வெறும் சிரிப்பு. பிறகு, இவர்களுக்கே நாற்பதடியில்தான் நின்றது, ஆறடியா, என் அப்பா அறுபதடிக்கு முன்னாலேயே படகைத் திருப்பியிருப்பார் என்றான். நானும் சின்ன வயதில் அதைத் தூரத்தில்தான் பார்த்தேன், படகு திரும்பும்போது தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வருவேன் என்றான். உன் மகள் வரைந்த படத்தை எனக்கு அனுப்பு என்றான். அதை நான் தமிழில் சொன்னதும் பெரியவள் இன்னொரு தடவை போடச் சொன்னாள். இங்கிலீஷ் அவளுக்கு என்னைவிட நன்றாகப் புரியும்.

பீரோவின் மேலிருந்து அந்த அட்டையை இறக்கினாள். பழைய பறவை அதன் முன்பக்கத்தில் இருக்கிறது, கிழிக்கவில்லை. பின்பக்கத்தில் புதிதாக வரைந்தாள். பெரிய தண்ணீர். தூரத்துக் கோரையில் கட்டைவிரல் அளவுக்கு அந்தப் பறவை. இந்தப் பக்கம் திரும்பிப் போகிற படகு. அதில் துடுப்புப் போடுகிற ஒருவர், அவருக்குப் பின்னால் தலையை மட்டும் திருப்பிப் பார்க்கிற ஒரு சின்னப் பையன். அந்த மீனவன் மகனின் பெயரை என்னிடம் கேட்டு எழுத்துக்கூட்டி எழுதினாள். அவர் பார்த்தது, என் அப்பா கேட்டது என்று அதற்குக் கீழே இரண்டு வரி.

அதில் அப்பாவைக் காணோமே என்றாள் சின்னவள்.

"அப்பா அங்கன இல்லல்ல" என்றாள் பெரியவள், பென்சிலைச் சீவிக்கொண்டே.

அது சரிதான். ஆனால் பெரியவளே, அட்டையின் இடது ஓரத்தில், படகுக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறாய். அது எதற்கென்று அன்றைக்கே கேட்டேன். அங்கே இன்னும் கோரை வரைய வேண்டும் என்றாய். அந்தப் பக்கம் தெரியும்படி நீ அட்டையைச் சுவரில் மாட்டி ஒரு மாதம் ஆகிறது. தோட்டத்துக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். இன்று காலைவரை அங்கே கோரை முளைக்கவில்லை.